ஒரு சொட்டு இரத்தமும் முதுமைக் கணக்கும்

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் பலவற்றில், பஞ்சாங்கமும் மூக்குக் கண்ணாடியும் இருக்கும் அலமாரித் தட்டிலேயே உள்ளங்கை அளவான ஒரு கருவியும் இன்று இடம் பெற்றிருக்கிறது. குளுக்கோமீட்டர் என்பது அதன் பெயர். விரல் நுனியை ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறு பட்டை ஒன்றின் முனையில் தொடுவித்தால், சில விநாடிகளில் இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவை அஃது எண்ணாகக் காட்டிவிடுகிறது. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் வாழும் நம் முதியோர்க்கு இது புதிய செய்தியன்று. புதிய செய்தி வேறு. அயல்நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் மற்றொரு வகைப் பெட்டியைப் பற்றித் தம் பெற்றோரிடம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதிலும் ஊசி உண்டு. விரலைத்தான் குத்த வேண்டும். ஆனால் வடியும் இரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றியோ, சிறு குப்பியில் பிடித்தோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால், "உங்கள் வயது 66, உங்கள் உடலின் வயது 71" என்பது போன்ற விடை வருமாம்.

இவ்விரு பெட்டிகளும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஊசி ஒன்றே, சொட்டு ஒன்றே. ஆயினும் முன்னது முறையறிந்து கையாள்வோர்க்கு உயிர்த்துணை. பின்னது இன்றைய நிலையில் பெரும்பாலும் பணச்செலவும் மனக்கலக்கமும் ஆகும். இவ்வாறு நான் எண்ணுவதற்குரிய காரணங்களை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் எண்களை ஏட்டில் ஏற்றும் குமாஸ்தா. ஆனால் எண்களோடு பழகியவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எந்த எண்ணைக் கண்டாலும் அதை யார் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார், எத்தனை முறை அளந்தார் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மருத்துவம் பற்றி நான் கூறுவன யாவும் நூல்களிலும் ஆய்வுரைகளிலும் கண்டவையே. மருந்து பற்றிய முடிவு அவரவர் டாக்டருக்கே உரியது.

நம் பாட்டனார் காலத்து முறையை முதலில் நினைவூட்டிக்கொள்வது நல்லது. அக்காலத்தில் நீரிழிவு உள்ள வீட்டில் ஒரு மரச்சட்டமும் நாலைந்து கண்ணாடிக் குழாய்களும் ஸ்பிரிட் விளக்கும் இருக்கும். பெனடிக்ட் கரைசல் என்னும் நீலநிற நீரை 5 மில்லிலிட்டர் அளவு குழாயில் ஊற்றி, 8 சொட்டுச் சிறுநீர் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் சிறிது உண்டு. மஞ்சளும் ஆரஞ்சும் அதற்கு மேல். செங்கல் நிறமாய் அடியில் படிந்தால் மிகுதி. வீட்டுக்கு வந்த விருந்தினர் அக்குழாய்களைக் கண்டு முகம் சுளிப்பதும் உண்டு. அம்முறையின் குறை வேறொன்று. இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினாலன்றிச் சிறுநீரில் அது தலைகாட்டுவதில்லை. அதுவும் சில மணி நேரத்துக்கு முன் நடந்ததையே காட்டும். சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து ஒருவர் மயங்கும் நிலையிலும் அந்நீர் நீலமாகவே நின்றுகொண்டிருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1948இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய நாளில் நோயாளர் வீட்டிலிருந்து கொண்டுவரக்கூடிய செய்தி அவ்வளவே.

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி, இரத்தச் சொட்டைத் தடவிச் சரியாக ஒரு நிமிடம் காத்திருந்து நீரால் கழுவி நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டையை வெளியிட்டது. நிறத்தைக் கண்ணால் பார்ப்பதில் ஆளுக்கொரு விடை வந்தமையால், அந்நிறத்தை ஒளியால் அளந்து எண்ணாகக் காட்டும் கருவி 1970ஐ ஒட்டி வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. விலையோ சில நூறு டாலர். டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்குமே அதை விற்றார்கள். நியூயார்க்கில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர் சிறு வயது முதல் நீரிழிவால் வருந்தியவர். அவருடைய மனைவி டாக்டராதலின், மனைவியின் பெயரால் அக்கருவியை வாங்கி, ஒவ்வொரு நாளும் பலமுறை தம் விரலைத் தாமே குத்தி, எந்த உணவுக்கு என்ன எண், எந்த அளவு மருந்துக்கு என்ன எண் என்று குறித்து வைத்தார். நோயாளி தன் இரத்தத்தைத் தானே அளப்பதா என்று மருத்துவ உலகம் முதலில் செவி சாய்க்கவில்லை. அவரோ நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து டாக்டராகவே ஆனார்! இன்று நம் அலமாரியில் இருக்கும் கருவி, அந்த மனிதருடைய பிடிவாதத்தின் வழிவந்தது என்று கூறினும் பிழையாகாது.

இனி, இது நமக்கு ஏன் இத்துணை அருகிலுள்ள செய்தி என்பதைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை அறிஞர்களோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி, வயது வந்தோருள் நீரிழிவு உடையோர் நாடு முழுவதிலும் 100க்கு 11.4 பேர், தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. நாம் பிறந்த மண்ணை விட நாம் பிழைக்க வந்த மண்ணில் இந்நோய் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. கேரளத்தில் முதியோர் தொகையும் மிகுதி: 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் அறுபதும் அதற்கு மேலும் ஆனோர் இங்கு 100க்கு 12.6 பேர்; இந்தியா முழுவதிலும் 8.6 பேர். ஆதலின் இவ்வரசு இந்நோயைப் புறக்கணிக்கவில்லை. புலயனார்கோட்டையில் நீரிழிவுக்கெனவே ஓர் அரசு நிலையம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள நீரிழிவு முதியோர்க்குக் குளுக்கோமீட்டரை இலவசமாக அளிக்கும் 'வயோமதுரம்' என்னும் திட்டத்தைக் கேரளச் சமூக நீதித் துறை வகுத்தது. இங்கேயே முகவரியும் அட்டையும் உடைய நம் குடும்பங்கள் அத்துறையின் அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். ஊரில் பெற்றோரை விட்டு வந்தோர்க்கு வேறொரு வழி உண்டு. தமிழ்நாட்டு அரசு 5-8-2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் வழியே, ஊழியர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்தும் தருகின்றனர்.

கருவி இருந்துவிட்டாற் போதாது. அளக்கும் முறையில் பலர் தவறுகின்றனர். ஒரு சில குறிப்புகள் தருகிறேன். இவற்றைச் சற்று விரிவாகச் சொல்வதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே குத்த வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர் சிலர் 2011இல் ஓர் எளிய சோதனை செய்தனர். நோயற்ற சிலரைப் பழம் உரிக்கச் செய்து, கை கழுவாமல் விரலிலிருந்து இரத்தம் எடுத்து அளந்தபோது எண் மிக ஏறிக் காட்டிற்று. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்த பின்னும் ஏற்றம் குறையவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகே உண்மை எண் வந்தது. நம் வீடுகளிலோ காலையில் முதல் வேலையே பூஜைக்குப் பழம் எடுத்து வைப்பதுதான். ஏத்தன்பழமும் வருக்கைச் சுளையும் கையில் பிசுபிசுக்கும் ஊரில் இதனை மறத்தல் ஆகாது. விரலின் நட்ட நடுவே குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். விரலைப் பிழிந்து பிழிந்து இரத்தம் வரவழைத்தல் கூடாது. அவ்வாறு செய்தால் சதையிலுள்ள நீரும் கலந்து அளவு பிறழும். கையைத் தொங்கவிட்டு, வெந்நீரில் சிறிது காட்டினால் இரத்தம் தானே வரும்.

கடையில் ஸ்ட்ரிப் என்று கேட்டு வாங்கும் பட்டைகள் காற்றின் ஈரத்துக்கு அஞ்சுபவை. நம் ஊரின் இடவப்பாதி மழையில் உப்பு ஜாடியே நீர் விடும். மூடி திறந்து கிடக்கும் பட்டைக் குப்பி என்னாகும்? எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். சமையலறையிலோ குளிர்ப்பெட்டியிலோ வைக்கக் கூடாது. காலம் கடந்த பட்டையை விலையை எண்ணி உபயோகிக்கவும் கூடாது. உண்மையில் கருவியின் விலை சிறிது. பட்டையின் விலைதான் மாதந்தோறும் வந்து நிற்பது. இலவசமாகக் கருவி கிடைக்கிறதென்று மகிழ்வோர் அதற்குரிய பட்டை எக்கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்வது நன்று.

எல்லாம் சரியாகச் செய்தும் அந்த எண் அப்பழுக்கற்றதன்று. உலகத் தர நிர்ணயப்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையாவது ஆய்வுக்கூட அளவுக்கு 15 விழுக்காடு முன்பின்னாக இருந்தாற் போதும். அக்கருவி நல்ல கருவியே. அதாவது உண்மை அளவு 140 என்றால் கருவி 119 என்றோ 161 என்றோ காட்டலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. நேற்று 138, இன்று 146 என்று கலங்குவதில் பொருளில்லை. அவ்வாறே, நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதும் இக்கருவியின் வேலையன்று. அதற்கு நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 126உம் அதற்கு மேலும், அல்லது ஏ1சி என்னும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவுக்குரிய எல்லை.

ஏ1சி என்பதை நம் தொழில் வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். இன்று காலை ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்தது என்பது ஒரு செய்தி. கடந்த மூன்று மாதங்களில் அது சராசரியாக எத்துணை நேரம் தாமதித்தது என்பது வேறொரு செய்தி. குளுக்கோமீட்டர் முன்னதைச் சொல்லும். ஏ1சி பின்னதைச் சொல்லும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழ்பவை. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கணக்குக் கிடைத்துவிடுகிறது. 7 விழுக்காடு என்றால் சராசரி ஏறக்குறைய 154 மில்லிகிராம். ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பர் 1968இல் நீரிழிவுக்கும் இவ்வகை ஹீமோகுளோபினுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். ஆயினும் இதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இவ்வெண் பொய்யாக உயரும்; இரத்த இழப்புக்குப் பின் பொய்யாகத் தாழும். சோகை நம் பெண்டிரிடையே அரிதன்று.

எண் ஏறுவதையே எல்லாரும் அஞ்சுகின்றனர். முதுமையில் எண் இறங்குவதுதான் உடனடி ஆபத்து. கரமனையில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்றவர், மனைவியுடன் தனித்து வாழ்பவர். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். நல்ல பிள்ளை. நாள்தோறும் காலையில் கருவியின் எண்ணைப் படம் பிடித்துத் தமக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். 150 என்று போனால் உடனே தொலைபேசி மணி அடிக்கும். "என்னப்பா, நேற்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்? அம்மா பாயசம் ஏதும் வைத்தார்களா?" பெரியவருக்கு அக்கேள்வி பொறுக்கவில்லை. பேச்சு வாங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்: இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. அதுவோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை. சில வாரங்கள் மகனுக்கு அழகான எண்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் விடியற்காலை அவர் குளியலறையில் வியர்த்து விழுந்து கிடந்தார். அம்மாள் பதறாமல் கருவியை எடுத்துப் பார்த்தபோது 48. உணர்வு முற்றும் போகவில்லை, விழுங்கவும் முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்கள். கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்து மறுபடியும் கொடுத்தார்கள். பிறகே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இடுப்பெலும்பு தப்பியது.

அந்தக் கருவியே பெரியவரை வீழ்த்தியது, அந்தக் கருவியே அவரைக் காப்பாற்றியது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகனுக்கு எண் போயிற்று, டாக்டருக்குப் போகவில்லை. அங்கேதான் கோளாறு. 70க்குக் கீழ் என்பது எவருக்கும் தாழ்வே. முதியவர்க்கு, அதிலும் பல நோய் உள்ளவர்க்கும் தனித்து வாழ்பவர்க்கும், சர்க்கரையை இளைஞரைப் போல் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை என்றே மருத்துவ நெறிகள் கூறுகின்றன. எவ்வளவு தளர்த்தலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அவர் சொல்ல வேண்டுமாயின் தேதி, நேரம், உணவுக்கு முன்னா பின்னா, அன்று என்ன மருந்து என்பவற்றோடு எண்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போக வேண்டும். மருத்துவமனையில் மலையாளத்தில் பேசத் தயங்கும் நம் தாய்மார்களுக்கு அந்நோட்டே பாதி வழக்கறிஞர். ("வெறும் வயிறு" என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்!) அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நாள்தோறும் எண்ணைக் கேட்பதினும், அப்பா இரவு சாப்பிட்டாரா என்று கேட்பது மேல்.

இப்பொழுது இரண்டாவது பெட்டிக்கு வருவோம். உடலின் வயதை இரத்தத்தால் கணக்கிடும் முயற்சி போலியானதன்று. பெரிய அறிஞர்கள் செய்வதே. அமெரிக்காவில் மார்கன் லெவின் என்னும் அம்மையாரும் துணைவரும் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று பலராலும் எடுத்தாளப்படுகிறது. அல்புமின், கிரியேட்டினின், சர்க்கரை, சி-ரியாக்டிவ் புரதம், ஆல்கலைன் பாஸ்படேஸ், வெள்ளணுக்களின் தொகை, அவற்றுள் லிம்போசைட்டுகளின் பங்கு, சிவப்பணுவின் பருமன், அப்பருமனில் உள்ள வேறுபாடு ஆகிய ஒன்பதையும் ஆளின் வயதோடு சேர்த்துக் கணக்கிட்டு ஓர் எண் பெறுகின்றனர். ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவ்வெண் கூடியோர் கூட்டத்தில் இறப்பு மிகுதியாகவும் குறைந்தோர் கூட்டத்தில் குறைவாகவும் காணப்படுகிறது. கூட்டத்துக்கு உரிய இவ்வுண்மையைத் தனியொருவர் தலையில் சுமத்தும்போதுதான் தவறு நேர்கிறது. ஒரு கோட்டத்தில் ஓடும் வண்டிகளில் நூற்றுக்கு இத்தனை நேரந்தவறாமல் வருகின்றன என்று எங்கள் அலுவலகத்தில் கணக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு, இன்று மாலை உங்கள் மாமியார் வரும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று எவரும் சொல்லமாட்டார்.

மேலும் அவ்வொன்பதில் சில, நாளுக்கு நாள் மாறுபவை. சி-ரியாக்டிவ் புரதம் உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் ஏறுவது. பல் ஈறு வீங்கினாலும் ஏறும்; டெங்குவோ எலிக்காய்ச்சலோ வந்தால் பன்மடங்கு ஏறும். வெள்ளணுக்களின் தொகையும் நாளுக்கு நாள் மாறுவதே. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து தேறியவர் அடுத்த வாரம் விரலைக் குத்தி அனுப்பினால், சில ஆண்டு மூப்பு அவருக்கு வந்துவிட்டதாக விடை வரக்கூடும். இரண்டு மாதம் கழித்து அனுப்பினால் இளமை திரும்பிவிட்டதாக வரும். இடையில் அவர் ஏதேனும் லேகியமோ மாத்திரையோ வாங்கி உண்டிருந்தால், புகழெல்லாம் அதற்குப் போகும். இவ்வகைப் பெட்டிகளை விற்போருள் சிலர் கூடவே மாத்திரையும் விற்பதை நான் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

இனி, விரற்சொட்டைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2015இல், ஒரே விரலில் ஒரே குத்தில் அடுத்தடுத்து வடிந்த சொட்டுகளைத் தனித்தனியே அளந்தனர். ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் சொட்டுக்குச் சொட்டு வேறுபட்டன. ஆறு முதல் ஒன்பது சொட்டுகள் வரை அளந்து சராசரி எடுத்த பிறகே நரம்பு இரத்தத்தின் அளவோடு அது ஒத்தது. சர்க்கரையை ஒரு சொட்டில் அளப்பதற்கு அரை நூற்றாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அது சர்க்கரைக்கு மட்டுமே பெற்ற வெற்றி. இதனை மறந்ததன் விளைவை உலகம் அண்மையில் கண்டது. எலிசபெத் ஹோம்ஸ் என்னும் இளம்பெண் 2003இல் அமெரிக்காவில் தெரனோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி, சில சொட்டு இரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யலாம் என்றார். பெருஞ்செல்வர்கள் கோடிக்கணக்கில் பணம் போட்டனர். அக்கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதை 2015இல் ஒரு செய்தித்தாள் வெளிப்படுத்தியது. 2018இல் கம்பெனி கலைந்தது. 2022இல் அவ்வம்மையார்க்குப் பதினோராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அட்டையில் ஒற்றி உலர்த்தும் முறையே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க டாக்டர் 1960களின் தொடக்கத்தில் அம்முறையால் பச்சிளங்குழந்தைகளின் பிறவி நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். குழந்தையின் குதிகாலிலிருந்து ஒற்றியெடுத்த அச்சிறு சிவப்பு வட்டம் எண்ணற்ற குழந்தைகளை மூளை வளர்ச்சிக் குறைவிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் அங்கே கேள்வி ஒன்று, விடைக்குப் பின் செய்ய வேண்டியதும் ஒன்று. "உங்கள் உடலின் வயது 71" என்ற விடைக்குப் பின் செய்ய வேண்டியது என்ன? குறைத்து உண்க, நடந்து திரிக, புகையிலையை விடுக, நன்கு உறங்குக. 66 என்று விடை வந்திருந்தாலும் அதே நான்குதான். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் எதற்கு?

அப்பணத்தில் ஒரு பகுதியை வேறு வகையில் செலவிடலாம். நம்மில் பெரும்பாலோர் மரக்கறி உணவினர். ஊனும் மீனும் முட்டையும் உண்ணாதவர்க்கு பி12 என்னும் உயிர்ச்சத்து குறைவது இயல்பு. நீரிழிவுக்குப் பல ஆண்டு மெட்பார்மின் மாத்திரை உண்போர்க்கு மேலும் குறையும். கால் மரத்தல், நடை தள்ளாடல், மறதி ஆகியவற்றை வயதின் குற்றம் என்று விட்டுவிடுகிறோம். சிலரிடம் அது பி12 குறையாக இருக்கும். குறைந்த செலவில் தீரும். சிறுநீரகத்தின் நிலையும் அவ்வாறே வெளிக்குத் தெரியாமல் கெடுவது. இவற்றைக் குளுக்கோமீட்டர் காட்டாது. ஆண்டுக்கொருமுறை நரம்பில் இரத்தம் எடுத்துக் கிரியேட்டினினும், டாக்டர் சொன்னால் பி12உம் பார்ப்பது, விரலைக் குத்தி வயது கேட்பதினும் பயனுடையது.

ஊசியே வேண்டாத இரண்டு அளவைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று கைப்பிடி வலிமை. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் அதை அளந்து 2015இல் வெளியிட்டனர்; அவ்வாய்வின் இந்திய மையங்களுள் நம் திருவனந்தபுரமும் ஒன்று. பிடிவலிமை 5 கிலோ குறைவதோடு இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இரத்த அழுத்தத்தைவிட அது நன்றாக முன்னறிவித்தது. நம் வீட்டில் அதை அளக்கும் கருவி இராது. ஆனால் சென்ற ஆண்டு தாமே ஈர வேட்டியைப் பிழிந்து உலர்த்தியவர் இவ்வாண்டு சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறார் என்றால் அதைக் கவனிக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 15 விநாடிக்கு மேல் ஆனாலும் தசை தளர்ந்ததற்கு அடையாளம்.

மற்றொன்று நடை. 34,485 முதியோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்டபோது, விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர் அவ்வவ்வயதுக்குரிய சராசரி ஆயுளை ஒட்டியும், அதற்கு மேல் விரைந்து நடப்பவர் அதனினும் நீண்டும் வாழ்வது காணப்பட்டது. இதற்கு எங்கள் இரயில்வே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. இப்பொழுது ஓடும் எல்.எச்.பி. பெட்டியின் நீளம் 24 மீட்டர். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் ஒரு பெட்டியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இயல்பான நடையில் 30 விநாடியில் கடந்தால் அது 0.8 மீட்டர் வேகம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து சோதித்துப் பாருங்கள்!

எண்ணை அறிந்த பின் மனிதர் மாறுவரா என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் அயல்நாட்டு அறிஞரோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 1,007 பேரைத் தேர்ந்தனர். ஒரு பாதியார்க்கு நோய் பற்றிய கையேடு மட்டும்; மறு பாதியார் தங்களுள் ஒருவரையே தலைவராகக் கொண்டு குழுவாகக் கூடி உணவையும் நடையையும் பற்றிப் பேசிச் செயற்பட்டனர். 2018இல் முடிவு வெளிவந்தது. இரண்டாண்டில் நோய் வந்தோர் கையேட்டுப் பிரிவில் 17.1 விழுக்காடு, குழுப் பிரிவில் 14.9. இவ்வேறுபாடு புள்ளிக் கணக்கில் உறுதிப்படவில்லை என்று ஆய்வாளரே நேர்மையாக எழுதினர். ஆனால் குழுவில் இருந்தோர் காய்கனி மிகுதியாக உண்டனர், மதுவைக் குறைத்தனர். நம் சங்கத்தில் மாதந்தோறும் கூடும் முதியோர்க்கும், அவர்களை அழைத்து வரும் மருமகள்மார்க்கும் இது எட்டாத வேலையன்று. மண்டபமும் இருக்கிறது, பாயும் இருக்கிறது.

ஊசியைப் பற்றி ஒரு குறிப்பு எஞ்சியிருக்கிறது. கருவி ஒன்றாயினும் ஊசி ஒவ்வொருவர்க்கும் வேறாக இருத்தல் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வது சில வீடுகளில் உண்டு; கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமி அவ்வழியே பரவும். உபயோகித்த ஊசியைக் குப்பைப் பையில் போடாதீர்கள். வீடு வீடாக வந்து பையைப் பிரித்துத் தரம் பிரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் கையில் அது குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் குப்பி ஒன்றில் போட்டு மூடி வைத்து, நிரம்பியதும் மருத்துவமனையில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.